ஒத்தைமலைக்கு வந்த பரிவாரம்

ஒரே ஒரு நாட்டுல ஒரே ஒரு ராசா இருந்தாராம், அந்த ராசாவுக்கு ஒரே ஒரு மலை இருந்துச்சாம். சிரிக்காதீங்க, நிஜமாவே ஒண்ணுதான். அந்த நாடு சாணி போட்டு மெழுகின வாசல் மாதிரி ஒரே சமமா இருக்கும். ஒரு பக்கம் கடலு, மத்த மூணு பக்கமும் வயக்காடு. மேடுன்னு சொல்ல ஒரு கரையான் புத்து கூடக் கிடையாது. அப்படிப்பட்ட தரையில, கடலை ஒட்டி, எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியாத மாதிரி ஒரு மலை எழும்பி நின்னுச்சாம். ஜனங்க அதை ஒத்தைமலைன்னு கூப்பிட்டாங்க.

அது சாதாரணக் கல்லு மலை இல்ல, நெருப்பு மலை. பூமிக்கு வயித்துக்குள்ள நெருப்பு இருக்குல்ல, அது எந்தக் காலத்துலயோ உள்ள இருக்கப் பிடிக்காம வெளியில வந்துச்சாம், வந்து கூழு பொங்குற மாதிரி பொங்கி வழிஞ்சுச்சாம், வழிஞ்சது ஆறிக் கல்லாப் போச்சாம், அது மேல சாம்பல் விழுந்துச்சாம், அப்புறம் மறுபடியும் பொங்குச்சாம், மறுபடியும் ஆறுச்சாம், மறுபடியும் சாம்பல் விழுந்துச்சாம். இப்படியே ஒண்ணு மேல ஒண்ணாப் படிஞ்சு படிஞ்சு, களத்து மேட்டுல நெல்லை அம்பாரமாக் குவிப்பாங்க பாரு, அந்த மாதிரி நாலு பக்கமும் ஒரே சரிவா, மேல கூம்பா நின்னுச்சு. ஒரு கோணல் கிடையாது, ஒரு புடைப்பு கிடையாது.

இப்ப வெடிக்குமான்னு கேக்காத வைரவா. வெடிக்கிற மலைதான். ஆனா இந்தக் கதையில வெடிக்காது. வெடிக்கிற கதைதான் வேணும்னா வேற ஆளைப் போய்க் கேளு.

உச்சியில பனி, பனிக்கு மேல கொஞ்சமாப் புகை. கடல்ல கப்பல்ல வர்றவன் முதல்ல வானத்துல ஒரு வெள்ளைத் துண்டைப் பார்ப்பான். மேகம்னு நினைப்பான். கொஞ்சம் கிட்ட வந்தா அந்த வெள்ளைக்குக் கீழ நீலமாத் தோளு தெரியும். அட, மேகத்துக்குத் தோளு உண்டான்னு நினைப்பான். இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தா கருப்பா இடுப்பு தெரியும், பச்சையாப் பாதம் தெரியும், பாதம் கடல் தண்ணியில இருக்கும், தலை வானத்துல இருக்கும், நடுவுல மறைக்க ஒண்ணுமே இருக்காது. அப்பதான் அவனுக்குப் புரியும், அடேயப்பா, இத்தனையும் ஒரே மலையான்னு. திறந்த வாயை மூடாமலே கரைக்கு வந்து சேருவான்.

சரி, மலையைச் சொல்லியாச்சு. இப்ப மனுஷங்களைச் சொல்றேன்.

அந்த நாட்டுல ஒரு விசித்திரமான வழக்கம் இருந்துச்சு. தனியாப் போறவனுக்கு மரியாதை கிடையாது. கூட ஆளு இருந்தாத்தான் ஆளு. ஊர்த்தலைவரு முடி வெட்டிக்கப் போனாக்கூட முன்னாடி ஒருத்தன் பின்னாடி ஒருத்தன் போவான். மாப்பிள்ளை பொண்ணு பார்க்கப் போனா தெருவே கூடப் போகும், தெருவுல ஆளு பத்தலைன்னா பக்கத்துத் தெருவுல கெஞ்சிக் கூட்டிக்கிட்டுப் போவாங்க. ராசா இருக்காரே, குணசிங்க ராசா, அவரு பல்லு விளக்கப் போனாலும் குடைக்காரன் குடை பிடிப்பான், விசிறிக்காரன் விசிறுவான், சங்குக்காரன் சங்கு ஊதுவான். வேப்பங்குச்சியை வாயில வச்சுக்கிட்டு அந்தச் சங்குச் சத்தத்தை எப்படித்தான் பொறுத்துக்கிட்டாரோ!

குணசிங்க ராசா கெட்டவரு இல்ல. மனசு தங்கம். ஆனா யாரு என்ன சொன்னாலும் ஆமாம்பாரு. கடைசியா யாரு பேசினாங்களோ அவங்க சொன்னதுதான் சரின்னு நினைக்கிற ஆளு. நம்ம வீட்டுலயும் அப்படி ஒருத்தரு உண்டு, பேரு சொல்ல மாட்டேன்.

ராசாகிட்ட எப்பவும் கடைசியாப் பேசுறது யாருன்னா, மரியாதை மந்திரி அலங்காரம். யாருக்கு எத்தனை குடை, யாருக்கு எத்தனை விசிறி, அரண்மனைக்குள்ள யாரை விடணும், யாரை விரட்டணும், எல்லாம் அவரு கையில. அவருக்கே தனியா ஒரு குடைக்காரன், ஒரு விசிறிக்காரன், ஒரு சங்குக்காரன் உண்டு. ராசாவுக்கு அடுத்தபடியா தன் பேருதான் நாட்டுல நிலைக்கணும்னு அவருக்கு உள்ளுக்குள்ள ஒரு ஆசை.

ஒரு நாளு மேல்நாட்டுல இருந்து ஒரு தூதரு கப்பல்ல வந்து இறங்கினாரு. ராசா கரையில பரிவாரத்தோட நிக்குறாரு, சங்கு ஊதுது, மேளம் அடிக்குது. தூதரு இறங்கி நேரா ராசாவைப் பார்த்து வர்றாரு, வந்துக்கிட்டே இருக்கும்போது அவரு பார்வை ராசா தலைக்கு மேல போச்சு, இன்னும் மேல போச்சு, இன்னும் மேல போச்சு, தலைப்பா பின்பக்கமாக் கழண்டு மணல்ல விழுந்துருச்சு.

ராசாவுக்கு ஒரே சிரிப்பு. "என்ன தூதரே, உங்க நாட்டுல மலையே இல்லியா?"ன்னு கேட்டாரு.

"இருக்கு ராசா. சொன்னா வருத்தப்படக் கூடாது, இதைவிட ஒசரமாவே இருக்கு."

"அப்புறம் எதுக்குத் தலைப்பா விழற அளவுக்கு அண்ணாந்து பார்க்குறீங்க?"

"அதான் ராசா எனக்கும் ஆச்சரியமா இருக்கு. எங்க பக்கம் மலையெல்லாம் கூட்டம் கூட்டமா நிக்கும். ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணு, அதுக்குப் பின்னாடி ஒண்ணு. நாங்க குடியிருக்கிறதே பாதி மலை ஒசரத்துல. அதனால..."

அதனால என்னன்னு தூதரு சொல்ல வந்தாரு. சொல்லியிருந்தா இந்தக் கதையே கிடையாது. ஆனா 'கூட்டம்'ங்கிற வார்த்தை காதுல விழுந்ததுமே ராசாவுக்கு மூஞ்சி வாடிப்போச்சு. பக்கத்துல நின்ன அலங்காரம் குனிஞ்சு காதுல சொன்னாரு, "கேட்டீங்களா மகாராசா? அவங்க மலைக்கெல்லாம் பரிவாரம் இருக்காம். நம்ம மலைதான் நாதியத்து ஒத்தையில நிக்குது."

ராசாவுக்கு அன்னிக்குச் சோறு இறங்கல. படுத்தாரு, புரண்டாரு, எழுந்து உட்கார்ந்தாரு. 'நான் பல்லு விளக்கப் போனாக்கூட மூணு பேரு கூட வர்றாங்க, என்னைப் பெத்தவங்களையும் அவங்களைப் பெத்தவங்களையும் பார்த்த மலை, அதுக்குப் பக்கத்துல ஒரு நாதி இல்லியே'ன்னு அவருக்கு அழுகையே வந்துருச்சு. பாவம், மலை மேல அவ்வளவு பிரியம் அவருக்கு. மறுநாளு காலையில அலங்காரத்தைக் கூப்பிட்டாரு.

"அலங்காரம், மலைக்குப் பரிவாரம் வேணும்."

"உத்தரவு மகாராசா. ராசாவுக்கு இருக்கிற மாதிரியே வச்சிருவோம். இடது பக்கம் குடைக்காரக் குன்று ஒண்ணு, வலது பக்கம் விசிறிக்காரக் குன்று ஒண்ணு, அப்புறம் தேவைப்பட்டா நடுவுல சங்குக்காரக் குன்று ஒண்ணு."

அப்புறம் என்ன, நாட்டுல இருக்கிற அத்தனை பேரு தலையிலயும் கூடை ஏறிருச்சு. குன்றுக்கு மண்ணு வேணும்ல? வயல்ல இருந்து வெட்டினாங்க. வெட்டின வயலு குழியாச்சு, கொட்டின இடம் மேடாச்சு. அரண்மனைக்கும் மலைக்கும் நடுவுல, இடது பக்கமா, குடைக்காரக் குன்று எழும்பி நின்னுச்சு. மாடு இழுத்துச்சு, யானை சுமந்துச்சு, ஜனங்க சுமந்தாங்க, இடுப்பு ஒடிஞ்சுச்சு.

ராசா அரண்மனை மாடத்துல இருந்து பார்த்தாரு. கண்ணைக் கசக்கிக்கிட்டுப் பார்த்தாரு. "அலங்காரம், மலை கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கே?"

"பரிவாரம் பத்தல மகாராசா. ஒரு பக்கம் மட்டும் ஆளு நின்னா அப்படித்தான் தெரியும்."

"ஆமாமா, அப்படித்தான் இருக்கும்"னாரு ராசா.

அப்புறம் மறுபடியும் கூடை ஏறுச்சு, மறுபடியும் வயலு குழியாச்சு, வலது பக்கமா விசிறிக்காரக் குன்று எழும்பி நின்னுச்சு. ராசா மாடத்துல இருந்து பார்த்தாரு. மலையோட பாதத்தைக் காணோம். இடுப்பும் பாதிதான் தெரியுது. ரெண்டு குன்றுக்கும் பின்னாடி யாரோ கூச்சப்பட்டுக்கிட்டு நிக்குற மாதிரி மலை நிக்குது.

"அலங்காரம், மலை இன்னும் சின்னதாப் போச்சுய்யா. பூமிக்குள்ள இறங்குதோ?"

"பரிவாரம் பத்தல மகாராசா."

"இன்னுமா?"

"நடுவுல ஒண்ணு வேணும். மத்த ரெண்டையும் விட பெருசா, சங்குக்காரக் குன்று. அது வந்துட்டா மலையோட கம்பீரத்தைப் பாருங்க!"

"ஆமாமா, வேணும்தான்"னாரு ராசா. என்ன செய்யறது, கடைசியாப் பேசினது அலங்காரம்தானே. குன்று வைக்கிற சாக்குல அந்த அலங்காரம் ஒரு காரியம் பண்ணியிருந்தாரு, அதை ராசாகிட்ட மட்டும் சொல்லல. அதை வர்ற இடத்துல சொல்றேன்.

சங்குக்காரக் குன்று வரப்போற இடத்துல ஒரு சின்ன ஊரு இருந்துச்சு, கரிமண்ணூருன்னு பேரு. நெருப்பு மலை கொட்டின சாம்பல் மண்ணு, மையி மாதிரி கருப்பு. விதைச்சதெல்லாம் விளையும், ஆனா குடிக்கத் தண்ணி மட்டும் கிடையாது. தோண்டினா ஒரு முழத்துல பாறை வந்துரும், மலையில இருந்து வழிஞ்சு ஆறின பாறை, கடப்பாரை பட்டா கடப்பாரைதான் வளையும். அந்த ஊருல சிலம்பாயின்னு ஒரு பொம்பளை இருந்தா. அவளை ஊருல எல்லாரும் அரைப்படின்னுதான் கூப்பிடுவாங்க, ஏன்னா அவ அவ்வளவு குள்ளம். உறியில இருக்கிற மோரை எடுக்கணும்னா முக்காலி போட்டு ஏறணும், அப்பவும் எட்டாது.

சிலம்பாயியும் அவ புருஷன் மாசிலாவும் கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒரு கிணறு தோண்டினாங்க. பகல்ல கூலி வேலை, சாயங்காலம் பாறையை உடைக்கிறது. ஊரு சிரிச்சுச்சு, 'நெருப்பு மலை காலடியில தண்ணி தேடுதுங்க பாரு'ன்னு. ரெண்டு பேரும் தலை நரைக்கிற வரைக்கும் உடைச்சாங்க. கடைசியில ஒரு நாளு தண்ணி வந்துச்சு, இளநி மாதிரித் தண்ணி. மாசிலா ரெண்டு கையிலயும் அள்ளி ஒரு வாய் குடிச்சான், சிலம்பாயிக்கு ஒரு வாய் கொடுத்தான், அந்த வருசமே மாரடைச்சுச் செத்துப் போனான். அப்புறம் ஊரு முழுக்க அந்தக் கிணத்துத் தண்ணியைத்தான் குடிச்சுச்சு. சிலம்பாயி தினமும் காலையில வாளியை உள்ள விடும்போது, புருஷன்கிட்ட பேசுற மாதிரி கிணத்துக்குள்ள ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் இறைப்பா. அழாத மங்கை, அவ அழல, நீ ஏன் அழற?

அரண்மனை ஆளு வந்து தமுக்கு அடிச்சான். "நாளைக் கழிச்சு இந்த இடத்துல மண்ணு கொட்டப் போறாங்க, எல்லாரும் வீட்டைக் காலி பண்ணுங்க, முதல்ல அந்தக் கிணத்தை மூடப் போறாங்க"ன்னுட்டுப் போயிட்டான்.

சிலம்பாயிக்கு உசுரே போயிருச்சு. வீடு போனாக்கூட வேற குடிசை போட்டுக்கலாம், கிணறு போனா? இன்னொரு கிணறு தோண்ட அவளுக்கு வயசும் இல்ல, மாசிலாவும் இல்ல. தலையை முடிஞ்சுக்கிட்டுக் கிளம்பிட்டா, ராசாவைப் பார்க்க.

அரண்மனை வாசல்ல காவக்காரன் ஈட்டியைக் குறுக்க நீட்டினான். "நில்லு. யாரு நீ?"

"கரிமண்ணூரு சிலம்பாயி. ராசாவைப் பார்க்கணும்."

"கூட யாரு?"

"கூட யாரும் இல்ல சாமி, நான்தான்."

"தனியா வர்றவங்களை உள்ள விடறது இல்ல. போ போ."

திரும்பி வந்தா. யோசிச்சா. வீட்டுல இருந்த ஆட்டையெல்லாம் ஓட்டிக்கிட்டு மறுபடியும் அன்னிக்கே போனா. முன்னாடி ரெண்டு கிடா, பின்னாடி நாலு வெள்ளாடு, நடுவுல சிலம்பாயி, நிமிர்ந்து நடந்து வர்றா.

"நில்லு. கூட யாரு?"ன்னான் காவக்காரன்.

"பார்த்தாத் தெரியலியா? இதுதான் என் பரிவாரம்."

காவக்காரனுக்கு ஒரு நிமிஷம் குழப்பமாப் போச்சு. ஆட்டுக்கு எத்தனை மரியாதைன்னு அவனுக்கு யாரும் சொல்லித் தரல. அவன் யோசிச்சுக்கிட்டு இருக்கும்போதே பெரிய கிடா வாசல்ல கட்டியிருந்த மாவிலைத் தோரணத்தை எட்டிப் பிடிச்சு மென்னுருச்சு. அவ்வளவுதான், ஈட்டியைத் தூக்கிக்கிட்டு விரட்டினான் பாரு, ஆடு ஒரு பக்கம், சிலம்பாயி ஒரு பக்கம்.

அப்புறம் ஊருக்குத் திரும்பி வந்து கிணத்து மேட்டுல உட்கார்ந்துட்டா. ஊரு ஜனம் வந்து சுத்தி நின்னுச்சு. "நாளைக் கழிச்சுக் கிணத்தை மூடிருவாங்க. நாளைக்கு அரண்மனைக்கு என்கூட வந்தா வாங்க, வராட்டி நான் இந்தக் கிணத்துக்குள்ளயே இறங்கி உட்கார்ந்துக்கிறேன், என் மேலயே மண்ணைக் கொட்டட்டும்"னா. அவ சொன்னாச் செய்வாள்னு எல்லாருக்கும் தெரியும். விடிஞ்சதும் ஊரே கிளம்பிருச்சு. கிழவன் கிழவி, பிள்ளைத்தாச்சி, கைக்குழந்தை, ஒருத்தரு பாக்கி இல்ல.

காவக்காரன் பார்த்தான். இவ்வளவு பெரிய பரிவாரத்தை அவன் பார்த்ததே இல்ல. ஈட்டியைச் சாய்ச்சு ஒரு கும்பிடு போட்டு உள்ள விட்டான்.

முற்றம் நிறைஞ்சுருச்சு. ராசா மாடத்துல வந்து நின்னாரு, பக்கத்துல அலங்காரம். "யாரு என்னைப் பார்க்கணும்னது?"ன்னு கேட்டாரு ராசா.

"நான்தான் ராசா!"ன்னு ஒரு குரலு வந்துச்சு.

"யாரு நான்? ஆளைக் காணோமே?"

"இங்க ராசா, இங்க!" சிலம்பாயி ஒரு கையைத் தூக்கினா. தெரியல. ரெண்டு கையையும் தூக்கினா. தெரியல. குதிச்சுப் பார்த்தா, அப்பவும் முன்னாடி நின்னவன் தோளு வரைக்கும்தான் வந்தா.

ராசாவுக்கு அலுத்துப் போச்சு. "அட எல்லாரும் உட்காருங்கப்பா, பேசுறவங்க மட்டும் நில்லுங்க"ன்னாரு.

எல்லாரும் தரையில உட்கார்ந்தாங்க. கூட்டத்துக்கு நடுவுல சிலம்பாயி மட்டும் நின்னா. தலையில இருந்து காலு வரைக்கும் முழுசாத் தெரிஞ்சா, அவளைச் சுத்தி வெறும் தரை மாதிரி ஜனங்க. ராசா கண்ணை விரிச்சுப் பார்த்தாரு.

"அடேயப்பா! இவ்வளவு ஒசரமான பொம்பளையை நான் பார்த்ததே இல்லியே!"

முற்றமே சிரிச்சுச்சு. கைக்குழந்தை கூட சிரிச்சுச்சு. ராசாவுக்கு ஒண்ணும் விளங்கல. "ஏன் சிரிக்கிறீங்க?"

முன்னாடி உட்கார்ந்திருந்த ஒரு கிழவரு சொன்னாரு, "ராசா, இவளை விடக் குள்ளமான ஆளு எங்க ஊருலயே கிடையாது. நாங்க அரைப்படின்னுதான் கூப்பிடுவோம்."

"விளையாடாதீங்க. எல்லாரும் எந்திரிங்க பார்ப்போம்."

எந்திரிச்சாங்க. சிலம்பாயியைக் காணோம். "உட்காருங்க." உட்கார்ந்தாங்க. பனைமரம் மாதிரி சிலம்பாயி. "எந்திரிங்க." காணோம். "உட்காருங்க." இதோ நிக்குறா. ராசாவுக்கு இது பிடிச்சுப் போச்சு, சின்னப் பிள்ளை மாதிரி மறுபடி மறுபடி சொல்லிக்கிட்டே இருந்தாரு, பாவம் பிள்ளைத்தாச்சிக்கு இடுப்பு விட்டுப் போச்சு.

அப்புறம் திடீர்னு ராசா அந்த விளையாட்டை நிறுத்திட்டாரு. மெதுவாத் திரும்பி மலையைப் பார்த்தாரு. ரெண்டு குன்றுக்குப் பின்னாடி, இடுப்பு வரைக்கும் மறைஞ்சு, மலை எட்டிப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு. அவரு சிலம்பாயியைப் பார்த்தாரு, மலையைப் பார்த்தாரு, மறுபடியும் சிலம்பாயியைப் பார்த்தாரு.

"அலங்காரம். மலை பூமிக்குள்ள இறங்கல இல்ல?"

"இல்ல மகாராசா."

"ஒசரம் குறையல இல்ல?"

"குறையல மகாராசா, பரிவாரம்தான் பத்தல..."

"வாயை மூடு"ன்னாரு ராசா. பிறந்ததுல இருந்து அவரு யாரையும் அப்படிச் சொன்னதில்ல. "அது நின்ன நிலைக்கு அதைச் சுத்தி ஒண்ணுமே இல்லாததுதான்யா அழகு. பாதத்துல இருந்து தலை வரைக்கும் கண்ணு தடங்கல் இல்லாம ஏறுச்சு. அந்தத் தூதரு அதைத்தான் சொல்ல வந்தாரு, நான்தான் காது கொடுக்கல. அதுக்கு மரியாதை செய்யறேன்னு நானே அதைக் கூட்டத்துல தொலைச்சுட்டேனே!" கண்ணுல தண்ணி வந்துருச்சு அவருக்கு. "தாயி, நீ என்ன கேட்க வந்த? சொல்லு."

சிலம்பாயி கிணத்தைப் பத்திச் சொன்னா. பாறையை உடைச்சதைச் சொன்னா, மாசிலா குடிச்ச ஒரு வாய்த் தண்ணியைச் சொன்னா. கடைசியில, "மலையைப் பத்தி எல்லாம் எனக்குத் தெரியாது ராசா. என் கிணத்தை மூடாதீங்க. அந்த அலங்காரக் குன்றை வேற எங்கயாவது வச்சுக்கோங்க"ன்னா.

"என்ன குன்று? சங்குக்காரக் குன்று இல்லியா?"

"கல்லு கொண்டாந்து ஊரு எல்லையில போட்டிருக்காங்களே ராசா, 'அலங்காரக் குன்று'ன்னு வெட்டியிருக்கு. எங்க ஊரு வாத்தியாரு படிச்சுச் சொன்னாரு."

இதைத்தான் அப்புறம் சொல்றேன்னு சொன்னேன். அலங்காரம் மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போச்சு.

ராசா கத்தல, அடிக்கல, தலையை வெட்டச் சொல்லல. அமைதியாச் சொன்னாரு. "அலங்காரம், எந்தெந்த வயல்ல மண்ணு எடுத்தியோ அந்தந்த வயல்ல நீயே கொண்டுபோய்க் கொட்டணும். ரெண்டு குன்றும் தரையோட தரையாகணும். ஜனங்க ஒருத்தரும் கூடையைத் தொடக் கூடாது, ஏற்கெனவே சுமந்தது போதும். உன் பரிவாரம் வேணும்னா உன்கூட வரட்டும்."

அலங்காரம் பரிவாரத்தைத் திரும்பிப் பார்த்தாரு.

"சாமி, எனக்குக் குடை பிடிக்கத்தான் தெரியும், மண்ணு சுமக்கத் தெரியாது"ன்னுட்டுக் குடைக்காரன் போயிட்டான். "சாமி, எங்க மாமியாருக்கு உடம்பு சரியில்ல"ன்னுட்டு விசிறிக்காரன் போயிட்டான். சங்குக்காரன் சங்கைக் கீழ வச்சுட்டுப் போயிட்டான்.

அப்புறம் அலங்காரம் தனியா மண்ணு சுமந்தாரு. சமதரையில மறைய எங்க இடம்? அவரு நடக்கிற வழியில மரம் கிடையாது, மேடு கிடையாது. தலையில கூடையோட அவரு நடந்தா வயக்காட்டுல இருக்கிறவனுக்கும் தெரியும், அரண்மனை மாடத்துல இருக்கிறவனுக்கும் தெரியும், கடல்ல வலை போடுறவனுக்கும் தெரியும். "அந்தா போறாரு பாரு அலங்காரம்!"னு நாடே கை நீட்டுச்சு. அவரு மறைஞ்சு உட்கார்ந்து மூச்சு வாங்க ஒரே இடம் அந்தக் குன்றோட பின்பக்கம்தான். ஆனா அந்தக் குன்றைத்தானே கரைக்கணும்? ஒவ்வொரு கூடைக்கும் குன்று குறைஞ்சுச்சு. முதல்ல நின்னா மறைஞ்சாரு, அப்புறம் உட்கார்ந்தா மறைஞ்சாரு, அப்புறம் படுத்தாத்தான் மறைஞ்சாரு, கடைசியில படுத்தாலும் தெரிஞ்சாரு. அவரு வேர்வை கொட்டக் கொட்ட மலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்துச்சு, முதல்ல இடுப்பு, அப்புறம் முட்டி, அப்புறம் பாதம்.

கடைசிக் கூடையைக் கொட்டிட்டு நிமிர்ந்தாரு. வெயிலு மண்டையைப் பிளக்குது, நாக்கு ஒட்டிக்கிச்சு. பக்கத்துல ஒரு கிணறு தெரிஞ்சுச்சு, ஒரு குள்ளப் பொம்பளை குனிஞ்சு தண்ணி இறைச்சுக்கிட்டு இருந்தா. தள்ளாடிக்கிட்டுப் போனாரு, ரெண்டு கையையும் சேர்த்து ஏந்தினாரு. அவ ஒண்ணும் கேட்கல, வாளியைச் சாய்ச்சு ஊத்தினா. அவரு குடிச்சாரு, குடிச்சாரு, குடிச்சுக்கிட்டே இருந்தாரு.

"அமிர்தம்மா! அமிர்தம்! இப்படி ஒரு தண்ணியை நான் என் ஆயுசுல குடிச்சதில்ல. இது யாரு வெட்டின கிணறு?"ன்னு கேட்டுட்டு இன்னொரு வாய் நிறைய வாங்கிக்கிட்டாரு.

அப்பதான் சிலம்பாயி நிமிர்ந்து பார்த்தா. "என் புருஷன் வெட்டினது சாமி. நீங்க மூடச் சொன்னீங்களே, அந்தக் கிணறுதான்."

வாய்த் தண்ணியை அலங்காரத்தால முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. அப்படியே நின்னாரு. சிலம்பாயி அடுத்த வாளியை உள்ள விட்டா.

அவ்வளவுதான் கண்ணுகளா. பெருசா இருக்கிறதைப் பெருசாப் பார்க்கணும்னா பக்கத்துல போய் இடிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது, அதுக்குக் கொஞ்சம் இடம் விடணும். மலைக்கும் அப்படித்தான், மனுஷனுக்கும் அப்படித்தான். மலை நின்ன இடத்துல நிக்குது, கிணறு இனிச்சபடி இனிக்குது, சொன்ன வாய் காஞ்சு போச்சு, யாராவது எந்திரிச்சு எனக்கு ஒரு செம்புத் தண்ணி மொண்டு தாங்க.